குட்டைக் கம்பியும் நெட்டை அலையும்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் பெரியோர்கள் சொல்லிவைத்தார்கள். மனிதர்கள் இந்தப் புத்திமதியை எவ்வளவு தூரம் கேட்டார்களோ, ரேடியோ அலைகள் மட்டும் அதை அட்சரம் பிசகாமல் அனுசரித்து வருகின்றன. எவ்வளவு நீளமுள்ள அலையை ஆகாயத்தில் அனுப்ப விரும்புகிறோமோ, அதற்குத் தகுந்த நீளத்தில் கம்பி கட்டியிருக்க வேண்டும். கம்பியின் அளவு பொருந்தாவிட்டால், கருவியிலிருந்து புறப்பட்ட மின்சக்தியில் பெரும்பகுதி, மரியாதை குறைந்த சம்பந்தியைப் போல, வாசல் வரைக்கும் வந்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

இந்த வாரம் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சர்க்கார் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் பெற்று, வீட்டில் இருந்தபடியே தேசதேசாந்தரங்களில் இருப்பவர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் நம் நாட்டில் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பட்டணவாசிகளைக் கேட்டால், கருவி வாங்குவதைக் காட்டிலும் கம்பி கட்ட இடம் தேடுவதே பெரும்பாடு என்பார்கள். ஒட்டுக் குடித்தனங்களும் அடுக்கு மாளிகைகளும் நிறைந்த நகரத்தில் மொட்டை மாடி என்பது தண்ணீர்த் தொட்டிக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் போக மிஞ்சிய இடந்தானே? இடம் போதாது என்று ஆசையையே கைவிடுபவர்கள் உண்டு. கிடைத்த இடத்தில் ஒரு குட்டைக் கம்பியைக் கட்டி, அளவு கருவியில் நல்ல எண் ஒன்று தெரிந்ததும் திருப்தி அடைந்துவிடுபவர்களும் உண்டு. இந்த இரண்டும் வேண்டியதில்லை என்பது நம் அபிப்பிராயம். குட்டைக் கம்பியைக் கொண்டு நன்றாகவே பேசலாம். ஆனால் அதை அளக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நெட்டைக் கம்பியின் கணக்கைப் பார்ப்போம். எல்லா ஏரியல்களிலும் எளியது 'டைபோல்' என்று சொல்லப்படுவது. நடுவில் பிரித்த ஒரு கம்பி. இரண்டு பக்கமும் சமமான இரண்டு கைகள். பிரித்த இடத்தில் கருவியிலிருந்து வரும் கேபிள் சேருகிறது. கம்பியின் மொத்த நீளம் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, நம் தேச சரித்திரத்தில் இடம் பெற்ற ஓர் அலையையே எடுத்துக்கொள்வோம். 1942-ஆம் வருஷம் ஆகஸ்டு 27-ஆம் தேதி பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை இரகசியமாகத் தொடங்கினார்கள். போலீஸார் கண்டுபிடித்துவிடாதபடி வீட்டுக்கு வீடு மாறி மாறி அதை நடத்தினார்கள். நவம்பர் 12-ஆம் தேதி அவர்கள் பிடிபடும் வரையில் அந்தக் குரல் ஒலித்தது. அந்த ஒலிபரப்புக்கு அவர்கள் அறிவித்த அலைநீளம் 42.34 மீட்டர். இக்காலத்துக் கணக்கில் சொன்னால் 7.08 மெகாஹெர்ட்ஸ், இன்று நம் நாட்டு அமெச்சூர்களுக்கு அளிக்கப்பட்டிருக்கும் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. இந்த அலைக்குப் பாதி நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். கம்பியின் பருமனையும் முனைகளின் பாதிப்பையும் உத்தேசித்து நூற்றுக்கு ஐந்து பங்கு கழித்தால், முழு டைபோலுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி வேண்டும். பட்டணத்து மாடியில் 20 மீட்டருக்கு எங்கே போவது? பத்து மீட்டர் கிடைத்தாலே பாக்கியம்.

நீளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் வீட்டு ஊஞ்சலே சாட்சி சொல்லும். ஊஞ்சல் திரும்பி வரும் சமயம் பார்த்துத் தள்ளினால், குழந்தை தள்ளினாலும் போதும், பலகை ஓங்கி ஆடும். சமயம் தவறித் தள்ளினால் பயில்வான் தள்ளினாலும் கைதான் வலிக்கும். கம்பியில் ஓடும் மின்சாரமும் இப்படித்தான். நடுவிலிருந்து முனைவரை ஓடித் திரும்பி வரும் காலம், கருவி அடுத்த தள்ளுத் தள்ளும் காலத்தோடு பொருந்த வேண்டும். இந்தப் பொருத்தத்துக்கு ஒத்ததிர்வு என்று பெயர். கம்பி அதற்குரிய அளவைவிடக் குட்டையானால் அது ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். நெட்டையானால் ஒரு கம்பிச் சுருளைப் போல நடந்துகொள்ளும். இரண்டு விதத்திலும் மின்மறுப்பு என்ற ஓர் இடைஞ்சல் குறுக்கே நிற்கும். ஒத்ததிர்வு நிலையில் அந்த மறுப்பு பூஜ்யமாகிவிடுகிறது. வெறும் தடை மாத்திரம் எஞ்சுகிறது. முழு டைபோலுக்கு அந்தத் தடை, தரையின் பாதிப்பு இல்லாதபோது, 73 ஓம்.

இப்போது 20 மீட்டர் கம்பியை 10 மீட்டராகக் குறைத்துவிடுவோம். குறைந்ததை எப்படி ஈடு செய்வது? மிருதங்க வித்வான் கச்சேரிக்கு உட்காருமுன் செய்வதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ரவையைப் பிசைந்து இடந்தலையின் நடுவில் அப்புகிறார். தோலின் அகலம் மாறவில்லை. பாரம் ஏறியதால் நாதம் கீழே இறங்குகிறது. தட்டிப் பார்க்கிறார், கொஞ்சம் சுரண்டி எடுக்கிறார், மறுபடி தட்டுகிறார். குட்டை டைபோலிலும் இதே வேலைதான். ஒவ்வொரு கையிலும் ஒரு கம்பிச் சுருளைச் சேர்க்கிறோம். குட்டைக் கம்பி மின்தேக்கியைப் போல் காட்டும் மறுப்பைச் சுருளின் மறுப்பு எதிர்த்து நின்று அழித்துவிடுகிறது. முனையில் பாரம் வைப்பதும் உண்டு. 1887-ல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் ஹெர்ட்ஸ் என்ற மேதை ஆராய்ச்சி செய்தபோது, தம் கம்பியின் இரு முனைகளிலும் துத்தநாகக் கோளங்களை மாட்டியிருந்தார். ஆகவே ரேடியோ பிறந்தபோதே இந்த உபாயமும் கூடப் பிறந்துவிட்டது என்னலாம்.

இனிக் கணக்கு. கை ஒன்றுக்கு 5 மீட்டராக, 2 மில்லிமீட்டர் பருமனுள்ள தாமிரக் கம்பி கட்டினால், 7.08 மெகாஹெர்ட்ஸில் அதன் மறுப்பு சுமார் 1,070 ஓம். சுருள்களை நடுவிலேயே, கேபிள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பதானால் ஒவ்வொன்றும் 12 மைக்ரோஹென்றி இருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பி.வி.ஸி. குழாயின் மேல், 4½ சென்டிமீட்டர் நீளத்தில் 18 சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய அந்த அளவு கிடைக்கும். சுருளைக் கையின் மத்தியில் வைப்பதானால் இதைப்போல் இரு மடங்கு சுருள் வேண்டும்; ஆனால் கம்பியில் மின்சாரம் இன்னும் சீராகப் பரவும். வசதிக்குத் தக்கபடி செய்துகொள்ளலாம்.

எல்லாம் கட்டி முடிந்ததும் அளக்க வேண்டும். இங்கேதான் பொறுமை அவசியம். மாடித் தளத்தில் கிடத்தி வைத்து அளந்தால் பயன் இல்லை. தளத்தின் நெருக்கத்தால் ஒத்ததிர்வு கீழே இழுக்கப்படும். கம்பி எந்த உயரத்தில், எந்த இடத்தில் நிரந்தரமாக நிற்கப் போகிறதோ அங்கே ஏற்றிய பிறகே அளவு பார்க்க வேண்டும். ஏற்றும்போது மின்சாரக் கம்பங்களிலிருந்தும் தெருக் கம்பிகளிலிருந்தும் வெகுதூரம் விலகி நிற்க வேண்டும். அறுந்து விழுந்தாலும் அவற்றின் மேல் விழாதபடி இருக்க வேண்டும். இதில் அலட்சியம் செய்தவனுக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடைப்பதில்லை.

முன்னாளில் இந்த வேலைக்குக் 'கிரிட் டிப் மீட்டர்' என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் ஒரு சுற்றுக் கம்பியால் இணைத்து, அதன் பக்கத்தில் கருவியின் சுருளைப் பிடித்து, முகப்பைத் திருகிக்கொண்டே போக வேண்டும். ஒத்ததிர்வு வந்த இடத்தில் முள் சட்டென்று தாழும். ஏனென்றால் அந்த இடத்தில்தான் ஏரியல் கருவியின் சக்தியைப் பருகுகிறது. மிக நெருக்கிப் பிடித்தால் அளவு பிசகும். முள் இலேசாகத் தாழும் அளவுக்குத் தள்ளிப் பிடிப்பதே முறை. இன்றோ, 'நானோ வி.என்.ஏ.' என்று உள்ளங்கையில் அடங்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது தடையையும் மறுப்பையும் தனித்தனியே கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. மறுப்புக் கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடமே ஒத்ததிர்வு.

ஆனால் ஒரு ஜாக்கிரதை. கருவி கீழே மேஜையில் இருக்கிறது. ஏரியல் மேலே இருக்கிறது. நடுவில் கேபிள் இருக்கிறது. ஒருவர் சொன்னதை மற்றொருவர் வந்து சொல்லும்போது விஷயம் திரிந்துவிடுவதைப் போல, கேபிள் வழியாக வரும் தடையும் மறுப்பும் உருமாறி வருகின்றன. இதற்கு இரண்டு பரிகாரங்கள். கேபிளின் மேல் முனையிலேயே கருவியைச் சரி செய்து கொண்டு, பிறகு அளப்பது ஒன்று. கேபிளின் நீளத்தையே அரை அலைக்குச் சமமாக வைத்துக்கொள்வது மற்றொன்று. அரை அலை நீளமுள்ள கேபிள் மேலே உள்ளதை ஏறக்குறைய அப்படியே கீழே ஒப்புவிக்கும். சாதாரண பாலிதீன் கேபிளில் அலை சற்று மெதுவாகச் செல்வதால், நம் உதாரணத்துக்கு 21 மீட்டர் வேண்டாம். 14 மீட்டர் போதும்.

கேபிளின் மேலுறையும் சில சமயங்களில் தானும் ஓர் ஏரியலாகிவிடும். அப்போது டைபோலுக்கு அழையாத மூன்றாவது கை முளைக்கிறது. கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். அளவு மாறினால் அதுதான் அடையாளம். ஏரியலுக்கு அருகில் கேபிளை ஒரு பெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்றிவிட்டால் இந்தத் தொந்தரவு நிற்கும்.

கைகளை முதலில் சற்று நீளமாகவே விட வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய கம்பி வளராது. நம் 10 மீட்டர் ஏரியலில், ஒவ்வொரு கையிலும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைத்தால், ஒத்ததிர்வு சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். இரு கைகளிலும் சமமாகக் குறைக்க வேண்டும். வெட்டுவதைவிட முனையை மடித்துத் தன் மேலேயே முறுக்கிவிடுவது புத்திசாலித்தனம், வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலோர் தடையையும் மறுப்பையும் தனித்தனியே பார்ப்பதில்லை. 'எஸ்.டபிள்யூ.ஆர்.' என்ற நிலை அலை விகிதம் ஒன்றையே பார்க்கிறார்கள். அது 1 என்று காட்டினால் அனுப்பிய சக்தி எதுவும் திரும்பவில்லை என்று அர்த்தம். 3 என்று காட்டினால் நாலில் ஒரு பங்கு திரும்புகிறது என்று அர்த்தம். ஆகவே 1 நல்லது, 3 கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு குட்டை ஏரியலுக்குப் பொருந்துமா?

அடுத்தடுத்த இரண்டு மாடிகளைக் கற்பனை செய்து கொள்வோம். இரண்டிலும் 10 மீட்டர் டைபோல், இரண்டும் 7.08 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வில் இருக்கின்றன. இவ்வளவு குட்டையான ஏரியலில், அலையாக வெளியே போகும் சக்திக்கு ஈடான தடை சுமார் 12 ஓம் மட்டுமே. கிழக்கு வீட்டுக்காரர் பருமனான தாமிரக் கம்பியை இடைவெளி விட்டுச் சீராகச் சுற்றியிருக்கிறார். அவருடைய சுருள்களின் வீண் தடை சுமார் 5 ஓம். மேற்கு வீட்டுக்காரர் கிடைத்த மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி, மழையில் நனையவிட்டிருக்கிறார். அவருடைய சுருள்களின் வீண் தடை 36 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் 50 ஓம் கேபிளில் அளக்கிறார்கள். கிழக்கு வீட்டில் மொத்தம் 17 ஓம். ஆகையால் கருவி ஏறக்குறைய 3 என்று காட்டுகிறது. மேற்கு வீட்டில் மொத்தம் 48 ஓம். கருவி 1 என்றே காட்டிவிடுகிறது! மேற்கு வீட்டுக்காரர் தெருவெல்லாம் மிட்டாய் வழங்குகிறார். கிழக்கு வீட்டுக்காரர் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார்.

நடப்பது என்ன? மேற்கு வீட்டில் ஏரியலுக்குள் சென்ற நூறு பங்கு சக்தியில் அலையாக வெளியேறுவது 25 பங்குதான். மிச்சம் 75 பங்கு சுருளைச் சூடாக்குவதில் செலவழிகிறது. கிழக்கு வீட்டில் 70 பங்கு ஆகாயத்துக்குப் போகிறது. கருவி பொய் சொல்லவில்லை. "சக்தி திரும்பி வருகிறதா?" என்று கேட்டதற்கு "இல்லை" என்று சரியாகவே பதில் சொல்லியது. "எங்கே போயிற்று?" என்று அதை யாரும் கேட்கவில்லை. 50 ஓம் தடையொன்றை டப்பாவில் அடைத்துக் கேபிளின் முனையில் மாட்டினாலும் கருவி 1 என்றே காட்டும். அந்த டப்பாவின் குரல் அடுத்த தெருவுக்குக்கூட எட்டாது.

மேற்கு வீட்டுக்காரரைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம் இன்னொன்றும் உண்டு. முழு நீள டைபோல் சுமார் 400 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு இணங்கிப் போகும். பாதியாகக் குறைத்த நல்ல ஏரியல், பொருத்தம் செய்த பிறகும், 60, 70 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இணங்காது. அதற்கு அப்பால் போனால் மறுபடி சரிசெய்ய வேண்டும். மேற்கு வீட்டு ஏரியலோ 180 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. குட்டை ஏரியல் ஒன்று எல்லா இடத்திலும் எல்லோருக்கும் நல்லவனாக இருக்கிறதென்றால், அதன் தாராளத்தைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். சற்று நேரம் பேசி, கருவியை நிறுத்திய பிறகு சுருளைத் தொட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் தொடக் கூடாது. அங்கே கையைச் சுடும் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும்.

கிழக்கு வீட்டுக்காரரின் குறையைத் தீர்ப்பது சுலபம். கைகளைச் சிறிது குறைத்து ஒத்ததிர்வைச் சுமார் 60 கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளிவிட்டு, கேபிள் சேரும் இடத்தில் இரு கைகளுக்கும் குறுக்கே 0.8 மைக்ரோஹென்றி அளவுள்ள சிறு சுருளைச் சேர்த்தால் போதும். இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவில் 6 சுற்று. அந்த 17 ஓம், கேபிளின் கண்ணுக்கு 50 ஓமாகத் தோன்றும். கருவியும் 1 என்று காட்டும். சுருளில் வீணாவது ஒரு பங்கும் கூடவில்லை. ஒத்ததிர்வு வேறு, பொருத்தம் வேறு, பயன் வேறு. மூன்றையும் ஒரே எண்ணில் தேடக் கூடாது.

இவ்வளவு பாடுபட்டு ஒரு கம்பியைக் கட்டுவது பொழுதுபோக்குக்காகத்தானா என்று சில நேயர்கள் கேட்கலாம். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் ஒலிபரப்புக்காக பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார்கள். டெலிபோன்கள் ஊமையாகிவிட்ட அந்த நாட்களில், உற்றாரின் நிலை தெரியாமல் தவித்தவர்களுக்கு அவர்கள் செய்தி கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் 20 மீட்டர் இடம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. கிடைத்த இடத்தில், கிடைத்த கம்பியைக் கட்டித்தான் பேச வேண்டும். அன்றைக்கு நூற்றுக்கு 70 பங்கா, 25 பங்கா என்பது, செய்தி போய்ச் சேருமா, சேராதா என்பதாகவே முடியலாம்.

ஆகையால் மாடி சிறியது என்று வீட்டுப் பிள்ளைகளையும் பெண்களையும் யாரும் தடுக்க வேண்டியதில்லை. தாமிரத்தில் சிக்கனம் பார்க்காமல் நல்ல சுருளாகச் சுற்றச் சொல்லுங்கள். அளவு கருவி எந்த எண்ணைக் காட்டினாலும், அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வழக்கம் படிந்துவிட்டால், ரேடியோவோடு நிற்காமல் வேறு பல காரியங்களிலும் அவர்களுக்குக் கைகொடுக்கும்.